காணவில்லையா, பார்க்கவில்லையா? திருகோணமலையில் சூழலியல் ஆய்வுக்கு இறங்குகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்களைப் பார்த்திருப்பீர்கள். வாழைப்பழத் தோலுக்குப் பின்னால் வரும், படம் எடுத்தால் அசையாமல் நிற்கும். சரி, மொத்தம் எத்தனை மான் இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டால் ஓட்டோக்காரர் ஒரு கணக்குச் சொல்வார், கச்சான் விற்கிற அம்மா இன்னொரு கணக்குச் சொல்வார், நான் கம்பஸில் முதல் வருடம் படிக்கும்போது மூன்றாவதாக ஒரு கணக்குச் சொன்னேன். மூன்றும் பிழை. எல்லாரும் கண்ணுக்குப் பட்டதைத்தான் எண்ணினோம், மரத்துக்குப் பின்னால் படுத்திருந்ததை யாரும் எண்ணவில்லை.

சூழலியல் ஆய்வு என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிற தம்பி தங்கச்சிமாரை முதலில் இந்தக் கோட்டைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். பிறகு உப்புநீர்க் கரையில் வளரும் கண்டற்காட்டுச் சேற்றுக்குள் இறங்கலாம்.

முதல் படி: ஒரு காலை, இரண்டு பேர், இரண்டு கொப்பி

ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு விடிய ஆறரை மணிக்குக் கோட்டைக்குப் போங்கள். பொதுமக்கள் போகிற பாதையை விட்டு விலகாதீர்கள், உள்ளே இராணுவம் இருக்கிறது. ஒரே நேரத்தில், ஒரே பாதையில், ஆனால் ஒருவரோடொருவர் பேசாமல், கண்ட மான் கூட்டங்களை ஆளுக்கொரு கொப்பியில் குறியுங்கள். எந்த இடம், எத்தனை பெரியது, எத்தனை குட்டி என்றெல்லாம் எழுதினால்தான் பிறகு ஒப்பிடலாம்.

நீங்கள் 12 கூட்டம் கண்டீர்கள், நண்பர் 10 கண்டார், இரண்டு கொப்பியிலும் பொதுவாக இருப்பவை 8 என்று வைத்துக்கொள்வோம். சேர்த்துப் பார்த்தால் நீங்கள் இருவரும் கண்டது 14. ஆனால் நண்பர் கண்ட 10இல் 8ஐத்தான் நீங்கள் கண்டிருக்கிறீர்கள், அதாவது உங்கள் கண் பத்துக்கு எட்டைத்தான் பிடிக்கிறது. 12ஐ 10ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 15. அப்போ இருவருமே காணாத ஒரு கூட்டம் எங்கேயோ நின்றிருக்க வேண்டும். குளத்து மீனைக் குறியிட்டு விட்டு, திரும்பப் பிடித்து மதிப்பிடுகிற லிங்கன்–பீற்றர்சன் முறையும் இதே கணக்குத்தான். எல்லாக் கூட்டமும் கண்ணில் படுவதற்கு ஒரே அளவு வாய்ப்பு இருக்கிறது என்று இந்தக் கணக்கு நம்புகிறது. ஆலமரத்தடியில் நிற்கும் கூட்டத்தையும் பற்றைக்குள் நிற்கும் கூட்டத்தையும் நினைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை எவ்வளவு ஓட்டை என்று விளங்கும். விளங்கினால் முதல் பாடம் முடிந்தது.

இரண்டாம் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

“திருகோணமலையின் கண்டல் தாவரங்கள்” என்று ஒரு தலைப்போடு வருவார்கள். அது தலைப்பு, அதில் கேள்வி எங்கே? “உப்பாற்றுக் களப்பில், கரையிலிருந்து உள்ளே போகப் போக, சேற்றில் இருக்கும் ஊரி என்ற நத்தையின் எண்ணிக்கை மாறுகிறதா, மாறினால் உவர்ப்போடு மாறுகிறதா, மர வகையோடு மாறுகிறதா?” இதில் இடம் இருக்கிறது, எண்ணுகிற பொருள் இருக்கிறது, எதனோடு ஒப்பிடுவது என்றும் இருக்கிறது. இனி வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஊரியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். என் அம்மா “ஊரி எண்ணவா கம்பஸுக்குப் போனாய்?” என்று இன்றைக்கும் கேட்பார். ஓம் அம்மா, அதற்குத்தான்.

திமிங்கிலம், பவளப்பாறை, சுறா என்று தொடங்க ஆசை இருக்கும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது, 2003இல் தேசியப் பூங்காவானது, கரும்முனைச் சுறா கரையோரமாகவே சுற்றும், யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அங்கே ஒவ்வொரு நாளும் படகுக் காசு, அனுமதி, முக்குளிக்கத் தெரிந்த துணை என்று வேண்டும். முதல் ஆய்வுக்குக் கால் நடையாகப் போய் வரக்கூடிய இடத்தை எடுங்கள். பணம் இல்லாததால் பாதியில் நின்ற ஆய்வுகளை நிறையக் கண்டிருக்கிறேன், ஊரி சின்னதாக இருக்கிறது என்று நின்ற ஒன்றையும் காணவில்லை.

மூன்றாம் படி: காற்றும் நீரும்

நம்மூரில் ஒரு வருடத்தைக் காற்றுத்தான் பிரிக்கிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், கிட்டத்தட்ட மே முதல் செப்டெம்பர் வரை, வெயில் மண்டையைப் பிளக்கும், கடல் அமைதி, களப்புத் தண்ணீர் வற்றி உவர்ப்பு ஏறும். ஒக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் ஜனவரி வரைக்கும் வாடை என்ற வடகீழ்க் காற்றுத்தான், மகாவலி வெள்ளத்தோடு வந்து கொட்டியாரக் குடாவில் விழும், அதோடு சுற்றியிருக்கும் களப்புகளின் உவர்ப்பும் சட்டென்று இறங்கும். ஜூலையில் மட்டும் எண்ணிவிட்டு “திருகோணமலையில் இப்படித்தான்” என்று எழுதக் கூடாது. குறைந்தது இரண்டு காலத்திலும் போக வேண்டும், அதுவும் ஒரே இடங்களுக்கு.

அடுத்தது வற்றுப்பெருக்கு. நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு முழுக் காலை சேற்றைத் துழாவி ஊரியே இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கிண்ணியா நானா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, தண்ணி ஏறினா அது மரத்துல ஏறிரும். நீங்க சேத்துலயே தேடுறீங்க.” நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு நேரே, கண்ணா மரத்தின் தண்டில், வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லா ஊரியும் ஏறாது, சில வகைதான் ஏறும், ஆனால் அன்றைக்கு நான் எழுதிய பூச்சியங்களில் எது உண்மை, எது பொய் என்று பிரிக்க வழியில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகவே வற்று நேரத்தை முதல் நாளே பார்த்து, அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பின்னாக மட்டும் எண்ணுங்கள். அட்டவணையை விட அந்தக் களப்பில் இறால் பிடிக்கிறவரின் வாய்ச்சொல்லை நான் அதிகம் நம்புவேன், களப்புக்குள் நீர் வந்து சேர ஆகும் நேரம் அவருக்குத்தான் தெரியும்.

நான்காம் படி: அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் நினைத்தாலே அலுக்கிறது. இடம் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகிறதா, வன இலாகாவின் கீழ் வருகிறதா, இரண்டிலும் இல்லையா என்று முதலில் பாருங்கள். தாவரமோ விலங்கோ எடுத்து வருவதானால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், அதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும். ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தனி அனுமதி, அதுவும் கடற்படைத் தளம் இருக்கிற ஊரில் அதைக் கேட்காமல் செய்கிற எண்ணமே வேண்டாம். களத்துக்குப் போக நினைக்கும் நாளுக்கு மாதக்கணக்கில் முந்தியே விண்ணப்பியுங்கள். ஒரு காரியாலயத்தில் என் கடிதம் ஏழு கிழமை ஒரே மேசையில் கிடந்தது. நேரில் போய்க் கேட்டபோதுதான் ஒரு பின்னிணைப்புக் குறைவாம். யாரும் அறிவிக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்றைப் பொலித்தீன் உறையில் போட்டு எப்போதும் பையில் வைத்திருங்கள், கிராம சேவகரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே எண்ணுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள்

வழி இலகுவாக இருக்கிற இடத்துக்கு, நிழல் இருக்கிற இடத்துக்கு, ஊரி நிறையத் தெரிகிற இடத்துக்குத்தான் கால் தானாகப் போகும். அதனால் தெரிவைச் சீட்டுக் குலுக்கலிடம் விட்டுவிடுங்கள். கரையிலிருந்து காட்டுக்குள் நேராக 50 மீற்றர் கோடு, அந்தக் கோட்டில் எந்த மீற்றரில் சட்டம், அதாவது எண்ணும் இடத்தைக் குறிக்கும் சதுரம், வைப்பது என்பதை வீட்டிலிருந்தே எழுமாறாக எடுத்து எழுதிக்கொண்டு போங்கள். ஊரிக்கு ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சட்டம் போதும், மரத்துக்குப் பத்துக்குப் பத்து. பீ.வீ.சீ. குழாயில் நீங்களே செய்யலாம், கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்தால் பஸ்ஸிலும் ஏற்றலாம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. உப்பாற்றில் ஒரு திட்டில் 30 சட்டம், கிண்ணியாவில் ஒரு திட்டில் 30 சட்டம், ஆக 60 மாதிரி என்று நினைத்து இரண்டு ஊரையும் ஒப்பிடுவோம். உண்மையில் உங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு திட்டுகள். ஒரே திட்டில் பக்கத்துப் பக்கத்துச் சட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கத்தான் செய்யும். ஒரு வீட்டில் ஆறு பேரிடம் கேட்டுவிட்டு ஆறு வீட்டைக் கேட்டேன் என்று சொல்வது போல. இதற்குப் போலி மீள்மாதிரி என்று சொல்லலாம், ஹேர்ல்பேர்ட் என்ற அமெரிக்கர் 1984இலேயே இதை எழுதி எச்சரித்தார், இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தாறு திட்டு, திட்டுக்கு ஐந்தாறு சட்டம் என்று பிரித்துப் போடுங்கள். நடை கூடும், வேறு வழியில்லை.

ஒரு நாள் ஒத்திகையும் பாருங்கள். ஒரு சட்டம் எண்ண எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிந்தால்தான் ஒரு வற்றுக்குள் எத்தனை முடியும் என்று தெரியும். நான் பதினைந்து என்று போட்டுக்கொண்டு போனேன், எட்டுத்தான் முடிந்தது.

ஆறாம் படி: களத்து நாள்

விடிய நாலரைக்கு எழும்பிப் புட்டும் சம்பலும் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர், இரண்டு பைக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்). பூட்ஸ் வேண்டாம், முழங்கால் சேற்றில் அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கயிறு இறுக்கிக் கட்டிய பழைய கன்வஸ் சப்பாத்துத்தான் சரி. நீளக்கைச் சட்டை, நுளம்புக்கு எண்ணெய். கொப்பியில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள், பேனை மை உப்புத் தண்ணீரில் கரைந்து ஓடும்.

தில்லை மரத்தைத் தெரிந்துகொள்ளாமல் கண்டலுக்குள் போகவே கூடாது. கொப்பை முறித்தால் வெள்ளைப் பால் வரும், கண்ணில் பட்டால் எரிவு தாங்க முடியாது, பார்வைக்கே ஆபத்து. மகாவலி வாய்ப்பக்கம் முதலை உண்டு, எந்த ஓடையில் என்று மீன்பிடிகாரரைக் கேளுங்கள். பற்றைக்குள் புடையன் பாம்பு படுத்திருக்கும். போர் நடந்த இடங்களில் ஊரார் நடக்காத பாதையில் நீங்களும் நடக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அம்புலன்ஸ் எண் 1990, இலவசம்.

இடத்துக்குப் போனதும் எண்ணத் தொடங்காதீர்கள். முதலில் பக்கத்தின் தலையில் திகதி, நேரம், திட்டு, சட்ட இலக்கம், யார் எண்ணுகிறார், யார் எழுதுகிறார், வானம், நீர் மட்டம். “யார் எண்ணுகிறார்” என்பது முக்கியம், என் கண்ணும் உங்கள் கண்ணும் ஒன்றில்லை என்று கோட்டையிலேயே பார்த்தோம். ரிஃப்ராக்டோமீற்றரில் உவர்ப்புப் பார்ப்பதற்கு முன் நல்ல தண்ணீர் ஒரு துளி விட்டுப் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். காய்ச்சி வடித்த நீர் ஒரு சிறு போத்தலில் கொண்டு போனால் இன்னும் நல்லது. கடல் நீர் ஆயிரத்துக்கு 35 அளவில் இருக்கும், களப்பில் அதற்கு மேலே காட்டினால் கச்சான் காலத்தில் நம்பலாம், பெருமழைக்கு அடுத்த நாள் காட்டினால் கருவியைச் சந்தேகியுங்கள்.

மரத்தின் பருமனை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடா சுற்றி அளக்க வேண்டும். சுற்றளவு 47 சென்ரிமீற்றர் என்றால் 3.14ஆல் வகுக்க விட்டம் கிட்டத்தட்ட 15. கண்ணா மரத்துக்கு இது சரி. ஆனால் கண்டல் என்றே பெயர் கொண்ட ரைசோபோரா மரத்துக்கு முட்டு வேர்கள் 1.3 மீற்றருக்கும் மேலே கிளம்பும், அங்கே நாடா சுற்றினால் வேரையும் சேர்த்து அளப்பீர்கள். மேலே உள்ள கடைசி முட்டு வேருக்கு 30 சென்ரிமீற்றர் மேலே அளங்கள், எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம் எண்ணுங்கள். சேற்றில், வேரில், தண்டில். ஒன்றுமே இல்லாவிட்டால் 0 என்று எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள். மழை வந்து எண்ணாமல் விட்ட சட்டத்துக்கு “எண்ணவில்லை, மழை” என்று எழுதுங்கள். அந்த நேரத்தில் இது வீண் வேலையாகத் தெரியும், உடம்பெல்லாம் சேறு, நுளம்பு காதுக்குள் பாடும், எழுதுகிறவர் “ஒன்றுமில்லைத்தானே, அடுத்ததுக்குப் போவம்” என்பார். போகாதீர்கள்.

ஏழாம் படி: அன்றிரவு

குளித்துச் சாப்பிட்டதும் நித்திரை அழுத்தும். படுக்கப் போக முதல் இரண்டு வேலை. ஒன்று, கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து எங்கேயாவது ஏற்றிவிடுங்கள். இரண்டு, அன்றைய தரவை அன்றே எக்செலில் ஏற்றுங்கள், ஏனென்றால் கிறுக்கலில் 1ஆ 7ஆ என்று நாளைக்கு உங்களுக்கே தெரியாது. ஒரு வரிக்கு ஒரு சட்டம், ஒரு நிரலுக்கு ஒரு விடயம். கலங்களை நிறம் தீட்டுவது, ஒன்று சேர்ப்பது எல்லாம் வேண்டாம், மென்பொருளுக்கு நிறம் தெரியாது.

திகதியில் கவனம். 05/06 என்று அடித்தால் உங்களுக்கு ஜூன் ஐந்து, கணினி அமைப்பைப் பொறுத்து அதற்கு மே ஆறு. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நிரலாகப் பிரித்துவிடுவது என் பழக்கம். ஜி.பி.எஸ். எண்ணிலும் கவனம். திருகோணமலை வடக்கு 8.57, கிழக்கு 81.23. இரண்டையும் மாற்றி ஏற்றிய ஒருவரின் வரைபடத்தில் எங்கள் ஊரி எல்லாம் ஆர்க்டிக் கடலில் மிதந்தன. சிரித்தேன், பிறகு என் கோப்பைத் திறந்து பார்த்தேன், அதிலும் இரண்டு வரி மிதந்துகொண்டிருந்தது.

பழைய கோப்பில் திருத்தம் செய்யாதீர்கள். மூலக் கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு, பிரதியில் திருத்தி, என்ன திருத்தினீர்கள் என்று தனியாக எழுதி வையுங்கள்.

எட்டாம் படி: எண்களோடு உட்காருதல்

களத்தில் ஒரு நாள் என்றால் கணினி முன்னால் மூன்று நாள், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படத்தில் வருகிற ஆய்வாளர் எப்போதும் தொப்பியும் தொலைநோக்கியுமாகத்தான் நிற்பார், மின்விசிறிக்குக் கீழே “ஏன் இந்த வரியில் பிழை காட்டுகிறது” என்று தலையில் கை வைத்திருக்கும் படத்தை யாரும் போடுவதில்லை.

ஆர் என்ற மென்பொருளைப் பழகுங்கள். இலவசம், நியூசிலாந்தில் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. வரைபடத்துக்குக் கியூ.ஜி.ஐ.எஸ்., அதுவும் இலவசம். முதல் மாதம் அழுகை வரும், மூன்றாம் மாதம் எக்செலைத் திறக்க மனம் வராது. நீங்கள் செய்த ஒவ்வொரு படியும் எழுத்தாக அதில் நிற்பதுதான் பெரிய வசதி, பரீட்சகர் கேட்டால் காட்டலாம்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் தரவைப் படமாகப் போட்டுப் பாருங்கள். பத்துச் சட்டத்தில் ஊரி இப்படி வந்தது என்று வையுங்கள்: 0, 0, 0, 1, 0, 2, 0, 31, 4, 0. மொத்தம் 38, சராசரி 3.8. இப்போது களத்தில் பூச்சியம் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தால்? எக்செலின் சராசரிக் கட்டளை வெறுங்கலங்களை எண்ணாது, நாலு சட்டத்தால் மட்டும் வகுத்து 9.5 என்று காட்டும். சேற்றில் நின்றபோது ஆறு தடவை சோம்பல் பட்டதற்கு ஊரி இரண்டரை மடங்காகப் பெருகிவிட்டது.

இதே பத்து எண்ணும் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் மாறற்றிறனைப் பாருங்கள், 93 வரும். எண்ணிக்கைத் தரவுக்குப் பாடப்புத்தகம் முதலில் சொல்லித் தருவது பொய்சோன் பரம்பல், அதில் சராசரியும் மாறற்றிறனும் சமமாக இருக்க வேண்டும். 3.8 எங்கே, 93 எங்கே! ஊரி சேற்றில் சமமாகத் தூவிக் கிடப்பதில்லை, கூட்டமாக ஓரிடத்தில் மொய்க்கும், மற்ற இடம் வெறிச்சென்று இருக்கும். பெரும்பாலான உயிர்கள் அப்படித்தான். பொய்சோனை வைத்துக்கொண்டு அழுத்தினால் இல்லாத வித்தியாசத்தையும் இருக்கிறதென்று காட்டும். எதிர் ஈருறுப்புப் பரம்பலை எடுங்கள், அது இந்தக் கூட்டத்தன்மைக்கு இடம் கொடுக்கும். திட்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு என்பதையும் கணித மாதிரியுருவில் சொல்லிவிட வேண்டும், ஐந்தாம் படியில் சொன்ன ஒரே வீட்டு ஆறு பேர் கதை இங்கேதான் திரும்பி வரும்.

பூச்சியம் அளவுக்கு மிஞ்சிக் கிடந்தால், அது உண்மையில் இல்லாத பூச்சியமா, இருந்தும் காணாத பூச்சியமா என்று மறுபடி கேட்க வேண்டும். அதைப் பிரிக்கும் கணிதம் இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனை: அதே சட்டத்தை ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்க வேண்டும். களத்துக்குப் போக முதல் இதை யோசிக்காதவருக்கு எந்த மென்பொருளாலும் உதவ முடியாது. அதனால்தான் இந்த எட்டாம் படியை வாசித்துவிட்டு ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள் என்கிறேன்.

வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் p பெறுமதி 0.05க்குக் கீழே வந்ததா என்று மட்டும் பார்த்துத் துள்ளாதீர்கள். உவர்ப்பு 10 கூடினால் ஊரி எத்தனை குறைகிறது, அந்த எண்ணுக்கு எவ்வளவு தடுமாற்றம் என்று சொல்லத் தெரிந்தால்தான் அது விடை.

ஒன்பதாம் படி: திரும்பப் போய்ச் சொல்லுங்கள்

அறிக்கை ஆங்கிலத்தில் எழுதி, கட்டி, நூலகத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தண்டில் ஏறிய ஊரியைக் காட்டித் தந்த நானாவிடம் நான் திரும்பப் போனது எட்டு மாதம் கழித்து, அதுவும் வெட்கத்தோடு. படங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “அப்ப கூடிட்டா, குறைஞ்சிட்டா?” என்று கேட்டார். ஒரு வருடத்து எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது நானா, இந்த வருடம் எங்கே கூட, எங்கே குறைவு என்று மட்டும் சொல்லலாம் என்றேன். “அப்ப இன்னும் வருவீங்க,” என்று சொல்லிவிட்டுப் பிளேன்ரீ போடச் சொன்னார்.

போகிறவர்களுக்கு ஒன்று. சட்டம் வைத்த மூலைகளில் கட்டிவிடும் நிற நாடா நம் வெயிலிலும் உப்பிலும் ஒரு கச்சானைத் தாண்டாது, வெளுத்து உதிர்ந்துவிடும். அடுத்த முறை போகும்போது புதுச் சுருள் ஒன்றும், சட்ட இலக்கம் கீறிய அலுமினியத் தகடுகளும், கட்டக் கொஞ்சம் நைலோன் கயிறும் எடுத்துக்கொண்டு போங்கள்.